கட்டும்போதே ஒரு பாலம் ஏன் விழுந்தது?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "ரயிலையே தாங்கும்னு கணக்குப் போட்டுத்தானே பாலம் கட்டுறாங்க? அப்புறம் ரயில் வர்றதுக்கு முன்னாடியே எப்படி விழும்?"

நல்ல கேள்வி. பாதி கட்டின பாலத்துல விசைகள் போற விதமே வேற. கான்டிலீவர் முறையில, தூண்ல இருந்து ட்ரஸ் ஆத்துக்கு மேல கை மாதிரி நீளும். மேல் பக்கம் இழுபடும், கீழ்ப் பக்கம் அழுந்தும். ஒவ்வொரு துண்டு சேர்க்கும்போதும் எடையும் கூடுது, தூரமும் கூடுது. கையை நீட்டி ஒரு வாளியைப் பிடிச்சுப் பாருங்க, புரியும்.

அழுந்தற பக்கம்தான் பயம். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ரெண்டு முனையிலயும் அமுக்குங்க. கொஞ்சம் வளைஞ்சதும், அந்த வளைவே அதை இன்னும் வளைக்கும். இதுதான் பக்லிங்.

கனடாவின் கியூபெக் பாலத்தில் இதுதான் நடந்தது. நடு ஸ்பானை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டினார்கள். ஆனால் பாலத்தின் சொந்த எடையைப் பழைய கணக்கிலேயே விட்டுவிட்டார்கள். கீழ் உறுப்புகளில் தகடுகளைச் சேர்த்துப் பிடித்த குறுக்குப் பட்டைகளும் பலவீனமானவை.

1907 ஆகஸ்டில், அப்படி ஓர் உறுப்பின் வளைவு சில நாட்களிலேயே முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் போனது. ஒப்பந்த நிறுவனம், "அது முன்னாடியே வளைஞ்சிருந்தது"ன்னு சொன்னது. ஆனா நாளுக்கு நாள் கூடற வளைவு எப்படிப் பழசாகும்? ஆய்வாளர் நார்மன் மெக்லூர் நியூயார்க் போய் ஆலோசகர் தியோடர் கூப்பரைப் பார்த்தார். இனி எடை ஏற்றாதீர்கள் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அது போனது பென்சில்வேனியா அலுவலகத்துக்கு. கியூபெக்கில் வேலை நிற்கவில்லை. ஆகஸ்ட் 29 மாலை பாலம் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் இறந்தார்கள்.

இன்னிக்குக் கட்டுமானத்தோட ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் பாலமா நினைச்சு கணக்குப் போடறாங்க. ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி அளந்து, கணக்கோட ஒப்பிடறாங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா அடுத்த துண்டு ஏறக்கூடாது.

நானும் "இது பழைய வார்னிங்தான்"னு அலர்ட்டை மியூட் பண்ணியிருக்கேன். என் வேலையில போனது ஒரு சர்வர். அங்க போனது 75 உயிர். அளக்கறதுக்கு ஆள் இருந்தார். நிறுத்தறதுக்கு அதிகாரம் உள்ளவர் பாலத்துக்குப் பக்கத்துல இல்ல.