கோடைக்கால வீட்டு மின்சேமிப்பு

கோடைக்கால வீட்டு மின்சேமிப்பு என்பது வெயில் மாதங்களில் மின்விசிறி, குளிரூட்டி (ஏ.சி.), குளிர்பதனப் பெட்டி போன்றவற்றின் மின்நுகர்வை, வீட்டில் உள்ளவர்களின் உடல்நலம் கெடாத வகையில் குறைத்துக்கொள்வதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் மார்ச் முதல் ஜூன் வரை, குறிப்பாகக் கத்திரி வெயில் நாட்களில், இதன் தேவை மிகுகிறது.

500 யூனிட் எல்லை

1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் 1 யூனிட் மின்சாரம் செலவாகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. மொத்த நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கான சலுகை விலை கிடைக்கவில்லை. அந்தக் கட்டணத்தின்படி 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 யூனிட்டுக்கோ 1958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய் ஆனது! 2024இல் விலை சற்று உயர்ந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. மாதம் முடிந்ததும் மீட்டரைப் பார்த்து, அட்டையில் உள்ள பழைய அளவைக் கழித்துப் பார்த்தால், எல்லையை நெருங்குகிறோமா என்பது முன்பே தெரிந்துவிடும்.

குளிரூட்டி

கோடையில் இந்த எல்லையைத் தாண்டச் செய்வது பெரும்பாலும் குளிரூட்டியே. மணிக்குச் சராசரியாக 1 யூனிட் என்று கொண்டாலும், இரவில் 8 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 480 யூனிட் ஆகிவிடும். வெப்பநிலையை ஒரு பாகை கூட்டி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று இந்திய எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. 20 பாகையில் வைப்பவர் 24க்கு மாறினால், மேற்கண்ட கணக்கில் ஏறத்தாழ 100 யூனிட் குறையும். 26இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் இன்னும் நல்லது. 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது பலரிடம் உள்ள தவறான எண்ணம். சாதாரண குளிரூட்டி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். நிற்கும் நேரம்தான் தள்ளிப்போகும். காற்று வடிகட்டியை இரு வாரத்திற்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

நீர் ஊற்றிப் பயன்படுத்தும் ஏர்கூலர் மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். ஆனால் அது வேலூர், திருச்சி போன்ற வறண்ட வெயில் ஊர்களுக்கே பொருந்தும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி; அங்கே புழுக்கமே கூடும்.

மின்விசிறி

பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். நாள்தோறும் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். பி.எல்.டி.சி. வகை விசிறி சுமார் 30 வாட் மட்டுமே எடுப்பதால் 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். நாள் முழுதும் ஓடும் கூடத்து விசிறியை முதலில் மாற்றுவது பயன் தரும்; எப்போதாவது ஓடும் அறைக்கு அவசரமில்லை. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வது முழு வீண்.

கூரையும் சன்னலும்

கான்கிரீட் கூரை பகலில் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அறைக்குள் விடுகிறது. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். மழையில் கரைந்துவிடுவதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மீண்டும் பூச வேண்டும். தென்னங்கீற்றுப் பந்தலும் இதே வேலையைச் செய்யும். தீப்பற்றும் அபாயம் மட்டும் கவனிக்கத்தக்கது. மேற்குச் சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது மேல், ஏனெனில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பம் திரும்பிப் போவதில்லை. வெட்டிவேர்த் தட்டி நனைத்துக் கட்டும் பழைய வழக்கம் வறண்ட ஊர்களில் இன்றும் பயன்படும்.

பிற கருவிகள்

குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். சூடான சாம்பாரை ஆறவைத்தே உள்ளே வைக்க வேண்டும். நீர்த்தொட்டி நிரம்பி வழிவது தண்ணீரோடு மின்சாரத்தையும் வீணாக்குகிறது. தொலைக்காட்சி, செட்டாப் பெட்டி ஆகியவற்றைச் சுவிட்சிலேயே அணைக்க வேண்டும்.

முதியோர், கைக்குழந்தைகள், நோயாளிகள் உள்ள வீட்டில் அவர்களுடைய அறையில் இந்தச் சிக்கனம் கூடாது. முதியோருக்கு வெப்பமும் தாகமும் எளிதில் உறைக்காது. கட்டணத்திற்கு அஞ்சி விசிறியை அணைத்துவிட்டுப் படுப்பவர்களும் உண்டு. அவர்கள் அறையில் காற்று ஓடுகிறதா என்பதை வீட்டார் இரவில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.