18 கோடி ரூபாய் சிகிச்சையும் ஒரு பரிசோதனை அட்டையும்

2023 நவம்பரில் காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு பிரிட்டன் அனுமதி தந்தது. கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியால் உருவான சிகிச்சைகளில் உலகிலேயே முதலில் அனுமதி பெற்றது இதுதான். அடுத்த மாதமே அமெரிக்காவும் அனுமதித்தது. அங்கே விலை 22 லட்சம் டாலர். நம் கணக்கில் 18 கோடி ரூபாய்க்கு மேல்.

இது குணப்படுத்த வந்த நோய்களில் முக்கியமானது அரிவாள் செல் ரத்தசோகை. சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்பு, மூட்டெல்லாம் உயிர் போகும் வலி. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம். இன்றும் இங்கே இதன் சுமை பெரும்பாலும் பழங்குடி மக்கள் மீதே.

இந்தச் சிகிச்சையில் நோயாளியின் ரத்த மூல செல்களை வெளியே எடுத்து, பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவில் ஓரிடத்தை வெட்டுகிறார்கள். பிறந்தபின் அடங்கிப்போன கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகும். செல்கள் வளைவது குறையும். ஆனால், அவற்றைத் திரும்பச் செலுத்துமுன் பழைய எலும்பு மஜ்ஜையைக் கீமோதெரபியால் அழித்தாக வேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனை, குழந்தைப்பேறும் பாதிக்கப்படலாம். பணத்தை அரசே கொடுத்தாலும், அன்றாடக் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வருபவர் இதை எப்படித் தாங்குவார்? டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகம் விலை குறைந்த உள்நாட்டுச் சிகிச்சைக்கு முயல்கிறது. நல்ல செய்திதான்.

என்னைக் கேட்டால், இன்றைய கவலை கத்தரியைவிட அட்டையைப் பற்றியது. இந்நோய்க்காக 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கத்தின் இலக்கு 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது; 2047-க்குள் நோயை ஒழிப்பது. முடிவு அட்டையில் வரும். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்நோய்க்கான மரபணுக் கூறைப் பெற்றவருக்குப் பொதுவாக நோய் இராது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே, திருமணத்துக்கு முன் அட்டைகளைப் பொருத்திப் பாருங்கள் என்கிறார்கள். ஜாதகத்தோடு இன்னொரு பொருத்தம்! அட்டையைக் காட்டி வரன் தட்டிப்போகும்போது, பழி யார் தலையில் விழும் என்று நம் ஊரில் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிரேக்கத்தின் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் இதே நோக்கத்துடன் ஊர் முழுக்கப் பரிசோதித்தார்கள். கூறு உள்ளவர்கள் மீது களங்கம் ஒட்டியது. சிலர் அதை மறைத்தே மணம் முடித்தார்கள். 1970-களின் அமெரிக்காவிலோ, நோயே இல்லாமல் கூறு மட்டும் இருந்த கறுப்பினத்தவருக்கு வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. விமானப்படை அகாடமி 1981 வரை அவர்களைச் சேர்க்கவில்லை.

மரபணுவைக் காட்டி வேலையும் மருத்துவக் காப்பீடும் மறுப்பதை அமெரிக்கா 2008-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. மரபணுக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டில் பாகுபாடு காட்டுவது செல்லாது என டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. அட்டையோ தனிச் சட்டம் வருமுன்பே கல்யாணப் பேச்சுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.