வண்ணம் பூண்ட கணினி

ஜொகூர் பாருவில் உள்ள ஹாலிடே பிளாசா போன்ற கடைத்தொகுதிகளுக்குச் செல்வோரின் கண்களை, மின்னியல் கருவிகளின் வண்ணங்கள் எளிதில் கவர்ந்துவிடும். இன்று வெள்ளி, நீலம், இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் மடிக்கணினிகள் கிடைக்கின்றன. ஆனால், 1990களில் பெரும்பாலான கணினிகள் வெளிர்பழுப்பு நிறப் பெட்டிகளாகவே இருந்தன.

இந்நிலையை மாற்றியதில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐமேக் கணினிக்குப் பெரும்பங்கு உண்டு. ஜோனத்தன் ஐவ் தலைமையிலான குழு வடிவமைத்த இக்கணினி, 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. திரையும் கணினியும் ஒரே கூட்டினுள் அமைந்திருந்தன. பச்சை கலந்த நீல நிற நெகிழியின் வழியே உட்பாகங்கள் மங்கலாகத் தெரிந்தன. மேற்புறத்தில் ஒரு கைப்பிடியும் இருந்தது. அது தூக்குவதற்கு மட்டுமன்று. கணினியைக் கண்டு அஞ்சுவோரும் தயக்கமின்றித் தொட வேண்டும் என்பதற்காகவும் அமைக்கப்பட்டது. முதல் ஆறு வாரங்களில் 278,000 கணினிகள் விற்பனையாயின. 1999 ஜனவரியில் மேலும் ஐந்து நிறங்கள் அறிமுகமாயின. அவற்றுக்குத் திராட்சை, ஸ்ட்ராபெரி முதலிய பழங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன.

வாங்குவோர் அனைவரின் விருப்பமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இளையோர் பலர் தங்கள் இரசனையை வெளிப்படுத்தும் நிறத்தைத் தேடுகின்றனர். கணினி விளையாட்டுப் பிரியர்களை ஒளிரும் விசைப்பலகை ஈர்க்கிறது. அலுவலகங்கள் பெரும்பாலும் கறுப்பு, சாம்பல் ஆகிய அடக்கமான நிறங்களை நாடுகின்றன. வரவேற்பறையில் கணினியை வைக்க விரும்பும் குடும்பத்தினரோ இடத்தை அடைக்காத, கம்பிகள் குறைந்த கணினியை விரும்புகின்றனர்.

எனினும், அழகு மட்டுமே போதுமானதன்று. முதல் ஐமேக்குடன் வந்த வட்ட வடிவச் சுட்டி பார்ப்பதற்கு அழகாக இருந்தது. ஆனால், அதன் முன்பக்கம் எது என்பதைக் கையால் தொட்டு அறிவது கடினமாக இருந்தது. பயனர்கள் பலர் குறை கூறினர். 2000ஆம் ஆண்டில் நீள்வட்டச் சுட்டி அதன் இடத்தைப் பிடித்தது.

இதிலிருந்து மாணவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பெற்றோரின் சேமிப்பைக் கொண்டு கணினி வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பது தவறன்று. அதற்கு முன், நினைவகம், சேமிப்பளவு, மின்கலத்தின் ஆற்றல், எடை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் பொருளின் தோற்றத்தோடு அதன் பயன், பாதுகாப்பு, நீடித்த உழைப்பு ஆகியவற்றையும் தரத்தின் கூறுகளாகவே கருதுகிறது. கண்ணுக்கு இனியதாக இருக்கும் கணினி, கைக்கும் கல்விக்கும் உதவுவதாக இருந்தால்தான் கொடுத்த விலைக்குத் தகும்.