அசுரர் வளர்த்த பெண்

தேவ தூதன் ஒருவனும் அசுரர் வளர்த்த பெண் ஒருத்தியும் காதல் கொண்டால் என்ன நேரும்? இந்தக் கேள்விக்கு நம்முடைய மகாபாரதம் எப்போதோ ஒரு விடை சொல்லி விட்டது. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து இன்னொரு விடை வந்தது. எழுதியவர் லெய்னி டெய்லர் என்னும் அம்மையார். புத்தகத்தின் பெயர் 'டாட்டர் ஆப் ஸ்மோக் அண்ட் போன்.' புகையும் எலும்பும் ஈன்ற மகள் என்று தமிழில் சொல்லிக் கொள்ளலாம்.

மேனாட்டு நாவல் ஒன்று நம் சீமைக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடிக்கிறது. ஆனால் வந்து சேர்ந்து விட்டால் பிறகு அதற்கு ஓய்வு கிடையாது. ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 11 கிலோ மீட்டர் தூரம். பஸ்ஸில் இந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் இரண்டு அத்தியாயம் படித்து விடலாம் என்று நம் மாணவிகள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்துக்கு அட்டை போடாதவர்கள் இந்தப் புத்தகத்துக்குப் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தார்கள். உபாத்தியாயருக்குச் சந்தேகம் உண்டாக இது போதாதா? வாங்கிப் பார்த்தோம். பிறகு இரண்டு இரவு கண் விழித்துப் படித்தோம். படித்து முடித்ததும் பாராட்டுவதா, கண்டிப்பதா என்று விளங்கவில்லை. ஆகையால் இரண்டையும் எழுதுகிறோம்.

கதாநாயகியின் பெயர் காரூ. வயது பதினேழு. தலைமயிர் நீல நிறம். சாயம் பூசியதல்ல, வரம் பெற்று வளர்ந்தது! செக் நாட்டின் தலைநகரமாகிய பிராக்கில் அவள் சித்திரக் கலை பயில்கிறாள். அவளுடைய சித்திரப் புத்தகத்தில் நிறைந்திருக்கும் விசித்திரப் பிராணிகளைக் கண்டு தோழிகள் அவள் கற்பனையை வியக்கிறார்கள். உண்மையில் அதில் கற்பனை ஒன்றும் இல்லை. அந்தப் பிராணிகள்தான் அவளுடைய குடும்பத்தார். தாய் தந்தையர் யார் என்று அறியாத அவளைக் குழந்தைப் பருவம் முதல் வளர்த்தவர் பிரிம்ஸ்டோன் என்பவர். அவருக்கு ஆட்டுக்கிடாயின் கொம்பு, முதலையின் கண், மனிதனின் மார்பு, சிங்கத்தின் தொடை. அவருடைய கடையின் கதவு ஒன்றுதான். ஆனால் அது பிராக்கிலும் திறக்கும், மொராக்கோவின் மரகேஷ் நகரிலும் திறக்கும், இன்னும் எத்தனையோ ஊர்களிலும் திறக்கும். அந்தக் கதவுகளின் வழியே போய்ப் பற்கள் வாங்கி வருவது காரூவின் வேலை. மனிதப் பல், மிருகப் பல், யானைத் தந்தம், எல்லாம் வேண்டும். பிரிம்ஸ்டோன் அவற்றை மாலை மாலையாகக் கோக்கிறார். எதற்காக? காரூ கேட்டுக் கேட்டு அலுத்து விட்டாள். அவர் சொல்வதில்லை.

வேலைக்குக் கூலியாக வரம் தரும் காசுகள் கிடைக்கின்றன. மிகச் சிறிய காசுக்கு மிகச் சிறிய வரம். தன்னை ஏமாற்றிய வாலிபன் ஒருவன் சித்திர வகுப்பில் அசையாமல் நின்று காட்ட வேண்டிய நேரம் பார்த்து, அவன் உடம்பில் சொல்லத் தகாத இடங்களில் அரிப்பு உண்டாகுமாறு காரூ வரம் கேட்கிறாள். இந்த இடத்தில் நாம் தனியாக உட்கார்ந்து வாய் விட்டுச் சிரித்ததை வீட்டார் கேட்டிருக்கிறார்கள், மறைத்துப் பயனில்லை.

ஒரு நாள் அந்தக் கதவுகளின் மேல் கரிந்த கைச் சுவடுகள் தோன்றுகின்றன. பிறகு கதவுகள் எரிந்து சாம்பலாகின்றன. எரித்தவர்களுள் ஒருவன் அக்கீவா. அக்கினிச் சிறகுகள் கொண்ட தேவ தூதன். இது வரையில் உள்ள கதை, நமது அபிப்பிராயத்தில், முதல் தரமானது.

மேனாட்டாருக்குக் கொம்பு முளைத்தவன் என்றால் பிசாசு. சிறகு முளைத்தவன் என்றால் தெய்வத்தின் தூதன். இந்த வழக்கத்தை ஆசிரியை தலைகீழாகப் புரட்டியிருப்பது அவர்களுக்குப் பெரிய புதுமை. நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு புதுமை இல்லை. பாதி சிங்கமும் பாதி மனிதனுமாகத் தூணிலிருந்து வந்தவரை நாம் கும்பிடுகிறோம். யானை முகத்தவரைக் கும்பிடாமல் ஒரு காரியமும் தொடங்குவதில்லை. நாயக்கர் காலத்து மண்டபங்களில் யாளியின் வாய்க்குள் கையை விட்டுக் கல் உருண்டையை உருட்டிப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஆட்டுக் கொம்பைக் கண்டா பயப்படுவார்கள்? மாவலி அசுரன்தான், அவன் வருகைக்காகக் கேரளத்தார் வாசலில் பூக்கோலம் போடுகிறார்கள். பிரகலாதன் அசுரன் மகன்தான். கச்யபருக்குத் திதியிடமும் தனுவிடமும் பிறந்தவர்கள் அசுரர்கள், அதிதியிடம் பிறந்தவர்கள் தேவர்கள் என்று புராணம் சொல்வதை எண்ணிப் பார்த்தால், நம் தேவாசுர யுத்தம் பங்காளிச் சண்டைதான். தெற்குச் சீமையில் பங்காளிச் சண்டையைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை!

இந்த நாவலில் யுத்தம் ஆயிரம் ஆண்டுகளாக நடக்கிறது. தேவ தூதர்களைக் கேட்டால், "காட்டு மிருகங்கள் கலகம் செய்து எங்கள் நாகரிகத்தை அழித்தன" என்பார்கள். மற்றவர்களைக் கேட்டால், "எங்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள், விலங்கை உடைத்தோம்" என்பார்கள். இந்தப் பகுதியை நம் மாணவர்களுக்குச் சரித்திர பாடமாகவே வைக்கலாம் என்று தோன்றுகிறது. ராஜபாளையத்துக்குத் தெற்கே சிறிது தூரத்தில் வாசுதேவநல்லூர். அதற்கும் அப்பால் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். 1755-இல் கர்னல் ஹெரான் அங்கே படை கொண்டு சென்று கப்பம் கேட்டார், பூலித்தேவர் கொடுக்கவில்லை. கும்பெனியார் தங்கள் தஸ்தாவேஜுகளில் இத்தகைய பாளையக்காரர்களைக் கலகக்காரர்கள் என்று எழுதி வைத்தார்கள். ஊரார் நாட்டுப் பாடல்களில் வீரர்கள் என்று பாடி வைத்தார்கள். யார் எழுதிய கணக்கு என்று பார்க்காமல் தேவன் யார், அசுரன் யார் என்று சொல்ல முடியாது. இதைப் பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கதையாகச் சொல்லி விளங்க வைத்திருப்பது சாமானிய வித்தை அல்ல.

இனி, கண்டிக்க வேண்டியதற்கு வருவோம்.

தேவ தூதன் வந்து சேர்ந்ததும் ஆசிரியைக்கு ஏதோ ஆகி விடுகிறது. அவன் கண்ணின் அழகு, தோளின் அழகு, சிறகின் அழகு, அவன் வருத்தப்படும்போது உண்டாகும் தனி அழகு என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அவளுடைய அழகும் அப்படியே. சாதாரண முகம் உள்ளவர்கள் காதலிக்கவே கூடாது என்று மேனாட்டில் சட்டம் இருக்கிறதோ என்னவோ! அது போகட்டும். மரகேஷ் நகரத்துச் சந்தில் அவன் அவளைக் கண்டதும் முதலில் செய்தது வாளை உருவி வெட்டியதுதான். அவள் இரத்தம் சிந்தித் தப்பிப் பிழைக்கிறாள். இரண்டாம் முறை சந்திக்கும்போதும் சண்டைதான். அதற்குள் இருவர் நெஞ்சிலும் காதல் துளிர்த்து விடுகிறது. கொல்ல வந்தவன் கண்ணில் சோகம் இருந்தால் மன்னித்து விடலாம் என்னும் பாடத்தை எந்தப் பெண்ணும் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்றுக் கொள்ள வேண்டாம் என்பது நம் பிரார்த்தனை. கையை ஓங்கியவன் மறுநாள் அழுகிறான் என்பதற்காக எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் பொறுத்துப் போயிருக்கிறார்கள்! அவர்களுக்கு அக்கினிச் சிறகு கூட இல்லை.

காதல் வந்ததும் கதையின் மற்றப் பாத்திரங்கள் எல்லாம் ஓரமாக ஒதுங்கி விடுகிறார்கள். காரூவின் தோழி ஸூஸானா பொம்மலாட்டக் கலையில் தேர்ந்தவள். உருவத்தில் சிறியவள், பேச்சில் பெரியவள். கதையின் உயிரே அவள்தான் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கையில் அவளைக் காணோம். கதை பழைய காலத்துக்குத் திரும்பி அங்கேயே பல அத்தியாயங்கள் தங்கி விடுகிறது.

அந்தப் பழைய காலத்தில்தான் மர்மம் அவிழ்கிறது. முடிவைச் சொல்லி விடுகிறோமே என்று வாசகர்கள் கோபிக்க வேண்டாம். சொல்லாமல் மேலே எழுத வழியில்லை. பற்களைக் கொண்டு பிரிம்ஸ்டோன் செய்தது புது உடல்கள். போரில் மாண்ட வீரர்களின் ஆவியைச் சேமித்துப் புது உடலில் புகுத்தித் திரும்பவும் போருக்கு அனுப்பினார். காரூவும் அப்படி வந்தவள்தான். முற்பிறவியில் அவள் பெயர் மாட்ரிகல். போர்க்களத்தில் காயப்பட்டுக் கிடந்த அக்கீவாவைக் கொல்லாமல் காப்பாற்றினாள். பிறகு அவனைக் காதலித்தாள். அந்தக் குற்றத்துக்காக அவளுடைய சொந்த ஜனங்களே அவன் கண் முன்னால் அவள் தலையை வெட்டினார்கள். அவள் ஆவியைப் பிரிம்ஸ்டோன் இரகசியமாகக் காத்து, மனிதக் குழந்தையாக்கி வளர்த்தார். இது தெரியாத அக்கீவா பழி தீர்க்கும் வெறியில் அவள் குலத்தின் அழிவுக்குத் துணை போனான். அவளை உயிர்ப்பித்து வளர்த்தவரையே அந்த அழிவு கொண்டு போயிற்று.

இறந்த அசுரர்களை எழுப்பும் ஆசாரியர், அவருடைய மகள், எதிர்க் கட்சியிலிருந்து வந்த வாலிபன். இந்த மூவரையும் நமக்கு நன்றாகத் தெரியுமே! ராஜாஜியின் 'வியாசர் விருந்து' படித்தவர்களுக்குச் சுக்கிராசாரியாரும் தேவயானியும் கசனும் உடனே நினைவுக்கு வருவார்கள். ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்குச் சஞ்சீவி என்ற சொல்லுக்கு அகராதி வேண்டாம். ஊரை ஒட்டியே சஞ்சீவி மலை நிற்கிறது. அநுமார் தூக்கிச் சென்றதிலிருந்து விழுந்த துண்டு என்று ஊரார் சொல்வார்கள். சுக்கிரரிடம் மிருத சஞ்சீவினி வித்தையைக் கற்று வர, பிருஹஸ்பதியின் மகன் கசனைத் தேவர்கள் அனுப்பினார்கள். அவனை அசுரர்கள் மூன்று முறை கொன்றார்கள். மூன்றாம் முறை எரித்துச் சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே கொடுத்து விட்டார்கள். தேவயானியின் கண்ணீருக்காகத்தான் சுக்கிரர் தம் வயிற்றுக்குள் இருந்த சீடனுக்கு வித்தையைச் சொல்லிக் கொடுத்து, வயிறு கிழிந்து அவன் வெளியே வர இடம் தந்தார். வித்தை கிடைத்த பின் தேவயானி கல்யாணப் பேச்சை எடுத்தாள். "உன் தந்தையின் வயிற்றிலிருந்து வந்தவன், நீ எனக்குச் சகோதரி" என்றான் கசன். தர்மம் பேசினான், வந்த காரியமும் முடிந்திருந்தது. அவள் சபித்தாள். அவனும் சபித்தான்.

நாம் சிறு வயதில் கசனுடைய நெறியைப் பற்றித்தான் கேள்விப்பட்டோமே ஒழிய, தேவயானியின் பக்கம் நின்று யாரும் கதை சொல்லக் கேட்டதில்லை. லெய்னி டெய்லர் அம்மையார் இந்தக் கதையை அறிவாரோ அறியாரோ. ஆனால் அவருடைய கதை அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லப்படுகிறது. இங்கே மறுக்கிறவன் ஆண்பிள்ளை அல்ல. உண்மையைக் கேட்டதும் காரூ அவனை விட்டு விலகிப் போய் விடுகிறாள். காதல் இருக்கிறது, மன்னிப்பு இல்லை. புத்தகம் அங்கே நின்று விடுகிறது. இதை நாம் மாணவி ஒருத்தியிடம் குறையாகச் சொன்னோம். "அது எப்படி ஸார் குறை? அவன் அழுதால் இவள் போய் விட வேண்டுமா?" என்று கேட்டாள். நான்கு பத்திகளுக்கு முன் நாம் செய்த பிரார்த்தனைக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அதே பெண் இன்னொன்றும் சொன்னாள். அவள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில். "பெரியாழ்வார் பூ தொடுத்தார், பிரிம்ஸ்டோன் பல் கோத்தார். ரெண்டு பேரும் எடுத்து வளர்த்த அப்பாதானே ஸார்?"

அபசாரம் என்று சிலர் காதைப் பொத்திக் கொள்ளலாம். நாமும் ஒரு கணம் திடுக்கிட்டோம். யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண் பிடித்த பிடி சரியானது. நந்தவனத்தில் துளசிச் செடியின் அருகே கண்டெடுத்த குழந்தைக்கு, தந்தை தொடுக்கும் மாலை யாருக்கு என்று தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் அதைத் தானே சூடிக் கிணற்றில் அழகு பார்த்தாள். மனிதருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு வாய் இருந்தது. முதலில் கலங்கிய தந்தை பிறகு மகள் வழிக்கு வந்தார். சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் அழகருக்கும் இன்றும் போகிறது. பிரிம்ஸ்டோனோ மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்பினால்தான் சொல்லவில்லை. ஆனாலும் அவர் கோத்த மாலையின் அர்த்தம் அவளுக்குத் தெரிய வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

"உனக்கு இப்போது தெரிய வேண்டாம்" என்பது நம் வீடுகளில் பெண் குழந்தைகள் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அடுத்த அறையில் ஜாதகம் பார்ப்பார்கள். காபி கொண்டு போகிறவளுக்கு அது யாருடைய ஜாதகம் என்று சொல்ல மாட்டார்கள். செய்தித்தாள் அட்டை போட்டுக் கொண்டு அவர்கள் இத்தகைய புத்தகத்தைப் படிப்பதன் காரணத்தைத் தேடி அமெரிக்கா வரையில் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறோம்.

ஆனால் இங்கிலீஷில் ஏன் படிக்க வேண்டும்? 1947-இல் பிறந்த அம்புலிமாமா வேதாளத்தை முருங்கை மரத்தில் தொங்க விட்டு நம்மை வளர்த்தது. அது நின்று விட்டது. மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜன் 'விடாது கருப்பு' கதையில் நம் கிராமத்துக் கருப்பசாமியைக் குதிரை மேல் ஏற்றி நள்ளிரவில் ஓட விட்டார். 1990-களில் அது தொலைக்காட்சியில் வந்த நாட்களில் வீதியில் ஆள் நடமாட்டம் குறைந்தது நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆயினும் அது பெரியவர்களுக்கான கதை. அம்புலிமாமாவைத் தாண்டி, பெரியவர்களின் நாவல்களுக்கு இன்னும் வந்து சேராத பதினைந்து வயதுக்குத் தமிழில் என்ன இருக்கிறது என்று நம்மிடம் கேட்டால் இரண்டு விரல் மடக்குவதற்குள் பட்டியல் முடிந்து விடும். தேவயானி இருக்கிறாள், மாவலி இருக்கிறான், அய்யனாரும் மண் குதிரைகளும் மேற்குத் தொடர்ச்சி மலையும் இருக்கின்றன. எழுதுகிறவர்தான் வர வேண்டும்.

பெற்றோர்கள் நம்மைக் கேட்டால், பதினாறு வயதுக்குக் கீழே இந்தப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம் என்போம். இரண்டோர் இடங்கள் அதற்கு ஏற்றவை அல்ல. அதற்கு மேல் கொடுக்கலாம். தாமும் படித்து விட்டுக் கொடுத்தால் நல்லது. இரண்டாம் பாகம் 2012-லும் மூன்றாம் பாகம் 2014-லும் வெளியாயின. இரண்டாம் பாகம் தற்சமயம் ராஜபாளையத்தில் யாரோ ஒரு வீட்டில் இருக்கிறதாம். நமக்கு முன்னால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.