பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்: கல்லூரி பெயரை மட்டும் பார்த்தால் போதுமா? துறையின் தரத்தை அறிவது எப்படி?

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "கட்-ஆஃப் எவ்ளோ, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" என்பதுதான். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் சி.எஸ்.இ., ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் என கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளுக்குக் கடும் போட்டி இருக்கிறது. சீட் கிடைச்சா போதும் என்ற அவசரத்தில், அந்தத் துறையில் பாடம் நடத்த போதிய ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரே கல்லூரியில் மெக்கானிக்கல் துறை சிறப்பாகவும், கம்ப்யூட்டர் துறை சுமாராகவும் இருக்கலாம். கல்லூரிக்கு இருக்கும் நல்ல பெயர் எல்லா துறைக்கும் பொருந்தாது. பார்க்க வேண்டியது, சேரப் போகும் துறையை.

இப்போது ஏன் இது முக்கியம்?

முன்பு ஒரு கல்லூரியில் ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் 240 இடங்கள் என்ற வரம்பு இருந்தது. 2024-25 கல்வியாண்டு முதல், தகுதியுள்ள கல்லூரிகளுக்கு இந்த வரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவில் இடங்களைக் கூட்ட வழி பிறந்தது. ஆனால் இடங்கள் கூடும் வேகத்தில் ஆசிரியர்களும் கூடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

ஆசிரியர் கணக்கு போடுவது எப்படி?

20 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. ஒரு துறையில் ஆண்டுக்கு 240 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டில் கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களே அதிகம் என்பதால் அதை விட்டுவிடலாம். மீதி 3 ஆண்டுகளுக்கு 720 மாணவர்கள். அப்படியானால் குறைந்தது 36 ஆசிரியர்கள் தேவை.

கல்லூரி இணையதளத்தில் அந்தத் துறையின் ஆசிரியர் பட்டியலை எண்ணிப் பாருங்கள். 15, 20 பேர்தான் இருந்தால் யோசிக்க வேண்டும். எத்தனை பேர் பிஎச்.டி. முடித்தவர்கள், எத்தனை வருடமாக அங்கேயே இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

பட்டியலை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஒரே ஆசிரியர் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் கணக்கில் இருப்பதாக 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் குற்றம்சாட்டியது. அதன்பேரில் விசாரணையும் நடந்தது. எனவே, பட்டியலில் இருப்பவர்கள் உண்மையில் வகுப்புக்கு வருகிறார்களா என்று அங்கு படிக்கும் மாணவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது.

நாக் வேறு, என்.பி.ஏ. வேறு

விளம்பரங்களில் பெரிதாகத் தெரியும் 'நாக்' கிரேடு, ஒட்டுமொத்த கல்லூரிக்குத் தரப்படுவது. என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. எனவே 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற கல்லூரி' என்று போட்டிருந்தால், எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். சி.எஸ்.இ.-க்கு இருந்து ஐ.டி.-க்கு இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு விஷயம். இரண்டு பேட்ச்சாவது படித்து முடித்த பிறகே என்.பி.ஏ.-க்கு விண்ணப்பிக்க முடியும். புதிதாகத் தொடங்கிய படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்பதாலேயே அது மோசம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஆசிரியர் விவரத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

'90% பிளேஸ்மென்ட்'... எதில் 90?

ஒரு துறையில் 180 பேர் படிக்கிறார்கள். அரியர் இல்லாத 100 பேரை மட்டும் வேலைவாய்ப்பு முகாமில் உட்கார வைக்கிறார்கள். அதில் 90 பேருக்கு வேலை கிடைக்கிறது. விளம்பரத்தில் 90 சதவீதம் என்று வரும். ஆனால் சேர்ந்தவர்கள் கணக்கில் அது பாதிதான்.

ஒரே மாணவருக்குக் கிடைத்த 3 ஆஃபர்களை மூன்று வேலைகளாகக் காட்டுவதும் உண்டு. அதனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?"

சராசரி சம்பளத்திலும் சிக்கல் இருக்கிறது. 9 பேருக்கு ஆண்டுக்கு 3.5 லட்சம், ஒருவருக்கு மட்டும் 40 லட்சம் என்றால், சராசரி 7.15 லட்சம் என்று வரும். அந்தச் சம்பளம் யாருக்குமே கிடைக்கவில்லை! சம்பளங்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும் 'மீடியன்' சம்பளம்தான் நிஜத்தைக் காட்டும். இங்கே அது 3.5 லட்சம்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக கல்லூரிகள் கொடுத்த விவரங்களில் மீடியன் சம்பளம், உரிய காலத்தில் படிப்பை முடித்தவர்கள் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். கல்லூரியின் இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம். ஆனால் இது அனைத்து பிரிவுகளுக்கும் சேர்த்த கணக்கு என்பதால், துறை வாரியான விவரத்தை நேரில் கேட்டு வாங்க வேண்டும்.

தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடலாமா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் ஒரே பாடத்திட்டத்தில், பல்கலைக்கழகம் நடத்தும் ஒரே தேர்வை எழுதுகின்றன. எனவே அவற்றின் தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடலாம். தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் கேள்வித்தாளையும் தாங்களே தயாரிக்கின்றன. அங்கே 95 சதவீத தேர்ச்சி என்பதை இணைப்புக் கல்லூரியின் 60 சதவீதத்தோடு நேராக ஒப்பிட முடியாது.

பெயர் புதுசு, பாடம் என்ன?

ஏ.ஐ., சைபர் செக்யூரிட்டி என்று பிரிவின் பெயர் எதுவாக இருந்தாலும், டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஆகியவை முதன்மைப் பாடங்களாக இருக்கின்றனவா என்று பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். டூல்ஸ் நாளைக்கே மாறிவிடும். இந்த அடிப்படை தெரிந்தால் புதியதைக் கற்றுக்கொள்ளலாம்.

நேரில் போனால் என்ன கேட்கலாம்?

அட்மிஷன் கவுன்டரில் கேட்பதைவிட, இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்பதே நல்லது. ஒரு செமஸ்டரில் பாதியில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள்? லேபில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் உண்டா? புராஜெக்ட்டை மாணவர்களே செய்கிறார்களா, வெளியில் காசு கொடுத்து வாங்குகிறார்களா? இந்த மூன்று கேள்விகளே நிறைய சொல்லிவிடும்.

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவும் இ.சி.இ., இ.இ.இ. உள்ளிட்ட மற்ற பிரிவு மாணவர்களையும் வேலைக்கு எடுக்கின்றன. ஆசிரியர்களே போதாத துறையில் சி.எஸ்.இ. படிப்பதைவிட, நல்ல துறையில் இ.சி.இ. படித்துக்கொண்டே கோடிங் பழகுவது சில மாணவர்களுக்கு நல்ல முடிவாக அமையலாம். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை லாக் செய்வதற்கு முன், வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். லாக் செய்த பிறகு வரிசையை மாற்றுவது கஷ்டம்.