எந்த ஜீப்பு?

வீடு கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது சம்பளத்தை அல்ல, ஜீப்பை. "எந்த ஜீப்புல மலைக்குப் போறீங்க?"

போன ஆவணியில் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்தப் பெண்தான் பேசினாள். "முந்தல் ரோட்டுல ஏறுவோம்க்கா. பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம்." டிரைவர் பெயரையும் சொன்னாள். மறுநாள் வெள்ளனே, இருட்டு பிரிவதற்குள், ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். தூக்குவாளியும் பிளாஸ்டிக் சாக்குமாக ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். டிரைவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ரெண்டு வருசமா வருதும்மா. வேலைக்கு வரலைன்னா முந்தின நாளே சொல்லிரும்." எனக்கு அது போதும். வரமுடியாததை முந்தின நாளே சொல்லுகிற ஆள், வாடகை பிந்தினாலும் முன்கூட்டியே வந்து சொல்லும். ஆதார் நகல், போட்டோ, இதற்கு முன் குடியிருந்த வீட்டுக்காரரின் போன் நம்பர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போடியில், பரமசிவன் மலை தெரிகிற தெருவில், எங்கள் காம்பவுண்டில் நான்கு வீடுகள். கணவர் இறந்தபின் எனக்கு வருமானம் அந்த வாடகைதான். காய் எடுக்கிறவர்கள், ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிக்கிற பெண்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், 2012-ல் அரசு பொறியியல் கல்லூரி வந்தபிறகு மாணவர்கள் என்று பலரும் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 2023 ஜூனில் ரயில் மறுபடி போடி வரை வந்ததும் வீடு கேட்டு வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள்.

"என்ன ஆளுகன்னு கேட்டியா?" என்று தெருவில் உள்ளவர்கள் என்னைக் கேட்பது உண்டு. கேட்பதில்லை, கேட்கவும் மாட்டேன். குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற ஆளா, மூடுகிற ஆளா என்பதைச் சாதி சொல்லாது. பழைய வீட்டுக்காரர் சொல்லுவார். அவரிடமும் "நல்ல ஆளா?" என்று கேட்டுப் பிரயோசனமில்லை. தொல்லை தீர்ந்தால் போதும் என்று நல்ல ஆள் என்றே சொல்லிவிடுவார். "கடைசி ரெண்டு மாச வாடகை எப்ப தந்தாக? அட்வான்ஸ்ல எவ்வளவு புடிச்சீக?" என்று கேட்டால் உள்ளது வெளியே வந்துவிடும்.

மலை வேலைக்காரருக்கு மாதக் கணக்கு ஒத்துவராது. ஆடி ஆவணியில் காய் எடுப்பு பிடித்தால் தை வரை கையில் காசு ஓடும். மாசிக்குப் பிறகு வேலை குறையும், கை இறுகும். கூலியும் பெரும்பாலும் வாரக் கூலி. அவர்களிடம் ஐந்தாம் தேதிக்குள் முழு வாடகையும் வேண்டும் என்று நின்றால், மாதத்துக்கொருமுறை அவர்களை வட்டிக்கடைக்கு நாமே அனுப்பிவைக்கிற மாதிரி. நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் கால் பங்கு வாங்கிக்கொள்கிறேன். நோட்டு இரண்டு, ஒன்று அவர்களிடம், ஒன்று என்னிடம். இரண்டிலும் இரண்டு பேரும் கையெழுத்து. ஜிபே-யில் வந்தாலும் நோட்டில் எழுதிவிடுவேன்.

பாக்கி எதனால் வந்தது என்றும் பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைக்காகக் கேரளாவோடு தகராறு மூண்டபோது எல்லை தாண்டி மலைக்கு ஏறமுடியவில்லை. மேலே இருந்தவர்களும் பிள்ளைகுட்டிகளோடு இறங்கி வந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து போடிமெட்டுச் சோதனைச்சாவடி அடைபட்டது. தோட்டம் மேலே கிடக்க, வேலை பார்க்கிற கை கீழே முடங்கிக் கிடந்தது. அந்த மார்ச் 29-ம் தேதி, தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்டு நெருக்கக் கூடாது என்று மத்திய உள்துறையே உத்தரவு போட்டது. நான் இரண்டு மாத வாடகையைத் தள்ளினேன், மீதியைப் பாக்கி என்று நோட்டில் எழுதினேன். அடுத்த தைக்குள், பாக்கி இருந்த மூன்று வீட்டிலும் அது தீர்ந்தது.

இனி, நான் செய்த பெரிய தப்பு. எங்கள் பக்கம் ஒத்திக்கு விடுவது சகஜம். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வோம், குடியிருப்பவருக்கு வாடகை கிடையாது, காலி பண்ணும்போது தொகையை அப்படியே திருப்பவேண்டும். 2013-ல் இரண்டு லட்சத்துக்கு, மூன்று வருடத்துக்கு ஒரு வீட்டை விட்டேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, ரெண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினோம். பணம் மகனின் கல்லூரிக்கும் மேல்தளம் ஒழுகியதற்கும் போய்விட்டது. கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே அந்த அம்மா வந்தார். "பிள்ளைக்குக் கல்யாணம் பேசியாச்சுக்கா, பணத்தத் தயார் பண்ணி வைங்க." என்னிடம் இல்லை. பதினோரு மாதம் இழுத்தேன். கல்யாணத்தை அவர்கள் கடன் வாங்கி நடத்தினார்கள். அழைப்பிதழை என் கையில் கொடுத்தபோது அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் தாலிக்கொடியைத் தவிர்த்து மற்ற நகைகளை அடகு வைத்துக் கொடுத்தேன்.

ஒத்திப் பணம் நம் பணமல்ல, கடன். 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி பார்த்தால் ஒத்தி என்பது அனுபவ அடமானம் போன்றது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவேண்டியதை வெறும் தாளில் எழுதிவைத்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. ஒத்திக்கு விட்டே தீரவேண்டியவர்கள் பதிவு செய்யுங்கள், தொகையை வங்கியில் டெபாசிட் போட்டுத் தொடாமல் வையுங்கள். நான் இப்போது ஒத்திக்கே விடுவதில்லை.

வாடகைக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு 2017-ல் இயற்றியது, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. நகராட்சி, பேரூராட்சி மாதிரி நகர்ப்புறங்களுக்கு உரியது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி பண்ணி ஒரு மாதத்துக்குள், பிடிக்கவேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மாத வாடகை நின்றால் காலி பண்ணச் சொல்லி மனுப் போடலாம். ஆனால் கரண்டைப் பிடுங்குவது, தண்ணீரை அடைப்பது கூடாது. எவ்வளவு கோபமானாலும் மோட்டார் சுவிட்சில் கை வைக்காதீர்கள். உள்ளே பிள்ளைகள் இருக்கும், சட்டமும் உங்களைத்தான் பிடிக்கும்.

கரண்டுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். ஒரே மீட்டரில் நாலு வீட்டை ஓட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால், அரசு இலவசமாகத் தருகிற 100 யூனிட் குடியிருப்பவருக்குப் போய்ச்சேராது. அந்த மனத்தாங்கலில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது.

குடியிருக்கத்தான் வீடு என்பதையும் எழுத்தில் போடுங்கள். ஒரு பையன் நல்ல பிள்ளை, வாடகை தவறமாட்டான். பின்னறையில் மட்டும் ஏலக்காய் மூட்டை ஏறிக்கொண்டே வந்தது. நான் ஒரு நாள் முன்னாடியே சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தபோது, கட்டிலுக்கு இடமில்லை, மூட்டைகள் கூரை வரை நின்றன. வாசனை தெருமுனை வரை வந்தது. வீட்டு இணைப்பில் வியாபாரம் நடந்தால் மின்வாரியம் வந்து நிற்கும். அவனுக்கு ஒரு மாதம் டைம் கொடுத்தேன், குடோன் பார்த்துக்கொண்டு போனான். இப்போதும் தீபாவளிக்கு ஒரு பொட்டலம் காய் வரும்.

குடிவருகிற அன்றே குழாய், சுவிட்சு, கதவு, சுவர் எல்லாவற்றையும் அவர்களையும் கூட வைத்துக்கொண்டு போனில் படம் எடுத்துக்கொள்வேன். அவர்களுக்கும் அனுப்பிவிடுவேன். போன மாதம் மூன்றாம் வீடு காலியானது. அடுப்புக்கு மேலே சுவரில் பெரிய கரி. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிக்க வேண்டியதுதான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்தப் பெண் போனைத் திறந்து, மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தைக் காட்டினாள். கரி அப்போதே இருந்தது. அட்வான்ஸை முழுசாக எண்ணி, திண்ணையில் அவள் பக்கத்தில் வைத்தேன்.