காலையில் செஞ்சிக் கோட்டை... இரவில் சென்னையில் கால்பந்து!

ஸ்பெயினின் கிரனாடா நகருக்குச் சுற்றுலா போகிறவர்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது தெரியுமா? காலையில் மலைமேல் இருக்கும் அல்ஹம்ப்ரா கோட்டை. அங்குள்ள அரண்மனைகளுக்கான டிக்கெட்டிலேயே உள்ளே நுழைய வேண்டிய நேரம் அச்சாகியிருக்கும். தவறவிட்டால் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். மதியம் கீழே இறங்கிச் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். இரவானால் உள்ளூர் அணியின் கால்பந்துப் போட்டி. ரியல் மாட்ரிட், பார்சிலோனா போல உலகப் புகழ்பெற்ற அணியல்ல அது. முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் அணி. ஆனாலும் கோட்டையைப் பார்க்க வந்தவர் இரவுவரை ஊரிலேயே இருக்கிறார், சாப்பிடுகிறார், தங்குகிறார்.

நம் செஞ்சியில் நடப்பது வேறு. 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. மிச்சமிருக்கும் ஒன்று செஞ்சி. ஆனால், திருவண்ணாமலை போகிற வழியில் காரை நிறுத்தி, கல்யாண மகால் முன்னால் நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம். செஞ்சிக்கு இது பெரிய குறைதான். ராஜகிரியில் ஏறாமல் திரும்பினால் செஞ்சியைப் பார்த்ததாகவே கணக்கில்லை.

கிரனாடா பாணியில் ஒரு நாளை இங்கேயும் அமைத்துக்கொள்ள முடியும். ஒரே சிக்கல், கோட்டை செஞ்சியில். பெரிய கால்பந்து மைதானம் சுமார் 150 கி.மீ. தள்ளி சென்னையில். அதனால் முதல் நாள் இரவே செஞ்சியில் தங்கிவிடுவது நல்லது. விடிந்ததும் டிபனை முடித்துவிட்டுக் கோட்டை திறக்கிற நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் இரண்டு கிலோ மீட்டர்தான், ஆட்டோ போதும்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், அதுவும் ஒழுங்கான படிகள் அல்ல. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது உள்ளங்கை உயரம். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். மூச்சு வாங்க நல்ல இடம். கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்குகளுடன் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும், ஜாக்கிரதை! உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம். அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் அந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் போதும், எதிரிப் படை இந்தப் பக்கமே நின்றுவிடும்.

இந்த இடத்தில் நின்றால்தான் அந்தப் பழைய முற்றுகை புரியும். சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை இது. அவருடைய மகன் ராஜாராம், 1689-ல் ஔரங்கசீப்பின் படைக்குத் தப்பி இங்கே வந்து சேர, செஞ்சியே மராட்டியரின் தலைநகரானது. துரத்தி வந்த தளபதி சுல்பிகார் கான் கோட்டையைப் பிடிக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1698-ல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, அதற்கு முன்பே நழுவிவிட்டார்! ஒப்பிட்டுப் பார்த்தால், கிரனாடாவின் கடைசி முற்றுகை ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. 1492 ஜனவரி 2-ல் நகரம் ஒப்படைக்கப்பட்டது.

தெருக்கூத்தில் கேட்டு வளர்ந்த ராஜா தேசிங்கின் கதையும் இந்த மண்ணில்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை, சில நூறு பேருடன் எதிர்த்து 1714-ல் மாண்டபோது அவருக்கு வயது 22. கல்யாணக் கோலத்தைக் கலைத்துவிட்டுத் துணைக்கு ஓடிவந்த நண்பன் மகபத்கானை கதைப்பாடல் மறக்கவே இல்லை.

இறங்கியதும் கல்யாண மகால், நெற்களஞ்சியம், ஆனைக்குளம், வேங்கடரமணர் கோயில். கல்யாண மகாலின் மேல்மாடி வரைக்கும் சுடுமண் குழாய் வழியே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். எதிரே இருக்கும் கிருஷ்ணகிரியை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டு மலையும் ஏறினால் இரவு மேட்ச்சில் தூக்கம்தான் வரும். பிற்பகலுக்கு மேல் ராஜகிரியில் ஏற விடுவதில்லை என்பதால், 'முதலில் கீழே பார்த்துவிடலாம், மலை அப்புறம்' என்ற கணக்கும் வேண்டாம்.

மதியச் சாப்பாட்டை ஊருக்குள்ளேயே முடித்துவிட்டு ஒன்றரை மணிக்குள் கிளம்ப வேண்டும். திண்டிவனம்வரை அவசரமில்லை. செங்கல்பட்டு தாண்டினால்தான் சோதனை. ஞாயிறு மாலை என்றால் மொத்தத் தமிழ்நாடும் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். காரைத் தாம்பரம் பக்கம் நிறுத்திவிட்டு மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் போவது உத்தமம். பஸ்ஸில் வருகிறவர்களும் கிளாம்பாக்கத்தில் இறங்கி ரயிலுக்கு மாறிவிடலாம்.

பெரியமேட்டில் இருக்கும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம்தான் சென்னையின் எஃப்.சி. அணியின் சொந்த மைதானம். ஐ.எஸ்.எல். கோப்பையை இரண்டு முறை வென்ற அணி இது: 2015-ல் கோவாவை, 2018-ல் பெங்களூருவை; இரண்டு இறுதிப் போட்டியும் எதிரணியின் ஊரில், இரண்டிலும் 3-2. அணியின் நீல ஜெர்சியை அணிந்து ஆடியவர்களில் ஒருவர் வியாசர்பாடியின் தனபால் கணேஷ். கால்பந்து வெறிக்காக 'குட்டி பிரேசில்' என்றே அழைக்கப்படும் பகுதி அது.

டிவியில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டிவி பந்தை மட்டுமே காட்டும். கேலரியில் உட்கார்ந்தால் பந்து இல்லாத இடத்தில் ஓடுகிறவரைப் பார்க்கலாம், கோல் கீப்பர் தன் ஆட்களைத் திட்டுவது தெரியும். முதல் முறை வரும் குழந்தைக்கு ரீப்ளே இல்லையே என்று குறையாக இருக்கும். பத்து நிமிடத்தில் டிரம் சத்தம் அதை மறக்கடித்துவிடும்.

ஒரு விஷயம். போட்டித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் செஞ்சிப் பயணத்தைக் குறிக்க வேண்டும், தலைகீழாக அல்ல. சென்னையில் நடக்கும் ஆட்டமா, வெளியூரிலா, தொடங்குவது மாலை 5 மணிக்கா, இரவு 7.30-க்கா என்று சரிபாருங்கள். 5 மணி ஆட்டம் என்றால் இந்தத் திட்டம் நடக்காது.

அன்று போட்டியே இல்லையா? புதுச்சேரிக்குத் திரும்புங்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. காலையில் பார்த்த கோட்டையின் மிச்சத்தை அங்கே கடல் காற்றோடு பார்த்துக்கொள்ளலாம்.